காணாமல் போன தொள்ளாயிரம் கிராம்

1

சான்றிதழ் எழுதத்தான் உட்கார்ந்தேன். கதை வந்துவிட்டது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சான்றிதழ் எழுதவேண்டிய ஆள் கதை எழுதிக்கொண்டிருந்தால் அவன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்வது நல்லது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை எடை இயந்திரங்களைச் சரிபார்ப்பது. பார்சல் கிடங்கு, மருத்துவமனை, இரும்புக்கடை என்று எடைக்கற்கள் அடுக்கிய பெட்டியோடு அலைவேன். எடை தெரிந்த கல்லை இயந்திரத்தின் மேல் வைப்பேன். அது சரியான எண்ணைச் சொன்னால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்திடுவேன். சொல்லாவிட்டால் சொல்லவைப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். சிலவற்றைப் பத்திரிகைகள் போட்டிருக்கின்றன. பலவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன, அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

இப்போது என் மேசையில் ஒரு வெற்றுப் படிவம் இருக்கிறது. குத்துச்சண்டைச் சங்கத்தின் செயலாளர் கேட்டிருக்கிறார். என் அக்கா வீட்டில் இருக்கும் எடை இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா, ஆமா இல்லையா, ஒரு வரி போதும் என்றார். நாளை வெள்ளிக்கிழமை விசாரணை. அந்த ஒரு வரியை வைத்துத்தான் மாஸ்டரைச் சங்கத்திலிருந்து நிரந்தரமாக வெளியே அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். மாஸ்டர் என்பவர் என் அக்கா மகளுக்கு ஏழு வருடம் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர்.

காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு அக்கா மகள் சான்றிதழை வாங்கிப்போக வருவாள். படிவம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. படிவத்துக்குப் பக்கத்தில் இந்தக் காகிதங்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மரங்கொத்தி மேடையில் விழுந்தது அடி வாங்கியதால் அல்ல."

மோசமான வாக்கியம் இல்லை. மரங்கொத்தி என்பது அக்கா மகளுக்கு மாஸ்டர் வைத்த பெயர். அவளுடைய இடது கை ஒரே இடத்தில் சின்னச் சின்னதாக, விடாமல், டக் டக் என்று கொத்திக்கொண்டே இருக்கும். வலி பெரிதாக இருக்காது, ஆனால் எதிராளிக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அக்கா அவளைத் திட்டும்போது மட்டும் நிஜப்பெயரைச் சொல்வாள்.

வாக்கியத்தை ஏன் அடித்தேன் என்றால், "அடி வாங்கியதால் அல்ல" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், வேறு எதனால் என்று நீங்கள் இரண்டாம் வரியில் கேட்பீர்கள். அதற்கு நான் தயாராக இல்லை.

இரண்டாவது தொடக்கம்:

"மாஸ்டருக்கு வெற்றி என்றால் வெறி. ஒரு பதக்கத்துக்காக அவர் எந்தப் பெண்ணையும்—"

[இங்கே நிறுத்தினேன். பேனா இவ்வளவு சுலபமாக ஓடினால் எனக்குப் பயம். தராசு முள் தடையில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் தட்டுக்கு அடியில் விரல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், இது என் தொழில் புத்தி. பார்த்தேன். விரல் இருந்தது.]

மூன்றாவது தொடக்கம் கட்டுரை மாதிரி வந்தது. அதை அப்படியே விடுகிறேன், உங்களுக்குத் தேவைப்படும்.

3

குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் இருப்பது ஏன் என்று மாஸ்டர் ஒருமுறை எனக்கு விளக்கினார். குத்து கையிலிருந்து வருவதில்லை, கால் பெருவிரலிலிருந்து வருகிறது. தரையை மிதித்து, இடுப்பைத் திருப்பி, தோள் வழியாகக் கடைசியில்தான் கைக்கு வந்து சேர்கிறது. வரும் வழியில் உடம்பு முழுவதும் அதன் பின்னால் நிற்கிறது. ஆகவே கூடுதலாக நாலு கிலோ பின்னால் நின்றால் அதே குத்து வேறு குத்தாகிவிடும். அதைவிட மோசம் கட்டிப்பிடித்துக்கொள்ளும் நேரம். எடை கூடியவள் உங்கள் கழுத்தில் கையைப் போட்டுச் சும்மா சாய்ந்து நின்றாலே போதும், மூன்று ரவுண்டும் அவளைச் சுமப்பது உங்கள் தொடைகள்தான்.

மரங்கொத்தி போன வருடம் ஐம்பத்தேழு கிலோ பிரிவில் ஆடினாள். எதிராளிகள் எல்லாரும் நெட்டை. இவள் கொத்தப் போகுமுன் அவர்கள் கை வந்து சேர்ந்தது. இரண்டு தடவை தோற்றாள். இந்த வருடம் ஐம்பத்து நாலுக்கு இறங்கவேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். இந்தப் போட்டியில் ஜெயித்தால் தேசியப் பயிற்சி முகாமில் இடம்.

மற்ற இடங்களில் எடையைக் குறைக்கும் முறை வேறு. கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துவார்கள். வியர்க்கவைக்கும் பிளாஸ்டிக் உறையில் உடம்பைச் சுற்றி ஓடவிடுவார்கள். எடை பார்த்து முடிந்ததும் குடம் குடமாகக் குடிக்கவைத்து மேடையேற்றுவார்கள். ஐம்பத்து நாலு கிலோ பிரிவில் சண்டை நடக்கும்போது மேடையில் யாரும் ஐம்பத்து நாலு கிலோ இல்லை என்பதே உண்மை. இருபத்திரண்டு வருடம் எண்களை நம்பிச் சோறு தின்னும் எனக்கு இது ஒரு பெரிய மோசடியாகத் தெரிந்தது.

மாஸ்டருக்கு அந்த முறை பிடிக்காது. "தண்ணியக் குறைச்சா எடை போகாதும்மா, மூணாவது ரவுண்டுதான் போகும்" என்பார். மூன்று மாதம் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கவேண்டும், தினமும் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் எடை பார்த்து அவருக்குச் செய்தி அனுப்பவேண்டும். அவருடைய பயிற்சிக்கூடத்தில் இருந்த இயந்திரத்தை அவர் நம்பவில்லை. பிள்ளைகள் சுவரில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு ஏறுவார்கள். "உன் மாமா ஸ்டிக்கர் ஒட்டின மிஷின் வீட்ல இருக்கில்ல, அதுதான் நமக்கு வேதம்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த இயந்திரம் நான் வாங்கிக்கொடுத்தது. நான் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர், என் கையெழுத்து.

* வேதம் என்ற சொல்லை அவர்தான் சொன்னார். எழுத்தாளன் சேர்த்தது இல்லை. இந்தக் கதையில் நான் சேர்த்தவை எவை என்று பிறகு சொல்கிறேன். சொல்லாமலும் விடலாம்.

4

போட்டி நடந்த நாளில் நான் அங்கே இல்லை. ஆகவே இது மரங்கொத்தி சொல்லி நான் கேட்டது. அவள் சொன்னதில் கொஞ்சம் அவளுக்கே நினைவில்லை.

அதிகாலையில் வீட்டு இயந்திரத்தில் ஐம்பத்து மூன்று புள்ளி எட்டு. வரம்புக்கு இருநூறு கிராம் கீழே. நிம்மதியாக பஸ் ஏறினார்கள். உள்ளரங்கத்தின் வராந்தாவில், அதிகாரிகள் முன்னால் ஏறுவதற்கு முன் சொந்தமாகப் பார்த்துக்கொள்ள ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. நமக்கு அது தேவையில்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

எட்டு மணிக்கு அதிகாரிகளின் இயந்திரத்தில் ஏறினாள். ஐம்பத்து நாலு புள்ளி ஏழு.

இறங்கி மறுபடி ஏறினாள். ஏழு. காதுத் தோடு வரை கழற்றிவிட்டு ஏறினாள். ஏழு. ஒன்பது மணி வரை நேரம் தருகிறோம் என்றார்கள். அதற்குள் குறைந்தால் ஆடலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மாஸ்டர் அவளை ஓரமாக அழைத்துப்போய்த் திரும்பிவிடலாம் என்றாராம். மூன்று மாதத்தில் இன்னொரு போட்டி வரும், முகாம் எங்கேயும் ஓடிப்போகாது என்றாராம். அவள் கேட்கவில்லை. எழுநூறு கிராம், ஒரு மணி நேரம் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அவர் தலையாட்டினார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, வேறொரு குழுவின் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரை முழுவதும் திருப்பிவைத்து உட்கார்ந்தாள். ஒரு பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து கயிறு தாண்டினாள். மறுபடி காருக்குள் போனாள். எட்டு ஐம்பத்தைந்துக்கு ஐம்பத்து நாலு புள்ளி பூஜ்யம். அந்த அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள் என்று அவள் சொன்னபோது எனக்கு அவர்கள் எல்லாரையும் அறையவேண்டும் போல இருந்தது.

மதியம் மூன்று மணிக்குச் சண்டை. இடையில் குடித்தாள், சாப்பிட்டாள், பாதியை வாந்தி எடுத்தாள். முதல் ரவுண்டில் பிரமாதமாகக் கொத்தினாள். இரண்டாவதிலும் அவள் கைதான் ஓங்கியிருந்தது. மூன்றாவதில் கால்கள் தரையைவிட்டு எழவில்லை. எதிராளி கழுத்தில் கையைப் போட்டுச் சாய்ந்தாள், விலகினாள், அடித்தாள். மணி அடித்ததும் மரங்கொத்தி எதிராளியின் மூலைக்கு நடந்துபோய், அங்கே இருந்த ஸ்டூலில் உட்காரப் பார்த்து, அப்படியே சரிந்தாள்.

மருத்துவர் அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் தண்ணீர் போனால் இரத்தம் குழம்பாகும், இதயம் அதைத் தள்ளமுடியாமல் திணறும், சிறுநீரகம் சுருங்கும். மூளை தண்ணீரில்தான் மிதக்கிறது. அந்தத் தண்ணீரும் குறைந்திருந்ததால் சாதாரண அடிகூட உள்ளே போய் இடித்திருக்கிறது. மூன்று நாள் மருத்துவமனை. ஆறு மாதம் கையுறையைத் தொடக்கூடாது. அதன் பிறகு தொடலாமா என்பதை அதன் பிறகு பார்க்கலாம். இன்றைக்கும் காபி டம்ளரை எடுக்கும்போது அவளுடைய இடது கை லேசாக நடுங்குகிறது. கொத்துகிற கை.

5

ஆகவே கேள்வி இதுதான். காலையில் வீட்டில் ஐம்பத்து மூன்று புள்ளி எட்டு. இரண்டரை மணி நேரம் கழித்து ஐம்பத்து நாலு புள்ளி ஏழு. நடுவில் அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தொள்ளாயிரம் கிராம் எங்கே ஒளிந்திருந்தது?

கதை எழுதுகிறவனுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துச் சந்தேகப்படலாம். செய்து பார்த்தேன்.

அதிகாரிகளின் இயந்திரம்: அன்று அதில் நாற்பது பேர் ஏறியிருக்கிறார்கள், வேறு யாருக்கும் வித்தியாசம் இல்லை. கழித்துவிடலாம்.

மரங்கொத்தி: ரகசியமாகத் தின்றிருப்பாள் என்று செயலாளர் முதலில் சொன்னார். வயிற்றுக்குள் போனது இயந்திரத்தில் தெரியாமல் எங்கே போகும்? செயலாளரே அதைக் கைவிட்டார்.

மாஸ்டர்: செயலாளரின் இப்போதைய முடிவு இவர்தான். வீட்டு இயந்திரம் சரியாக இருக்கிறது என்றால், அவள் அனுப்பிய எண்கள் பொய். அந்தப் பொய்யைச் சொல்லவைத்தது மாஸ்டர். எடை கூட இருக்கிறது என்று தெரிந்தே கூட்டிப்போய், காரில் வைத்து வேகவைக்கலாம் என்று முன்பே திட்டம் போட்டிருக்கிறார். மரங்கொத்தி அப்படி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். தலையில் அடிபட்ட பிள்ளை, குருபக்தியில் உளறுகிறாள் என்று அதை ஒதுக்கிவைத்துவிட்டார்கள். ஆக, மிச்சம் இருப்பது என் சான்றிதழ் மட்டும்.

உண்மையைச் சொன்னால் நானும் மாஸ்டரைச் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். ரொம்ப முயற்சி செய்தேன். அவரே திரும்பிவிடலாம் என்றாரா, அல்லது அவள் அவரைக் காப்பாற்றச் சொல்கிறாளா? கார் ஹீட்டர் யோசனை யாருடையது? இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது ஒரு நல்ல வில்லன் கிடைத்திருந்தான், முழங்கால் வலியும் கனத்த உடம்பும் உள்ள ஒரு ஐம்பத்தெட்டு வயது வில்லன். கிழித்துப் போட்டேன்.

அக்கா: இந்தச் சொல்லுக்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

7

மருத்துவமனை வராந்தாவில் மாஸ்டர் அவளுடைய ஷூக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் தராசு சார் என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வாரமாகப் பிள்ளை அருமையாக ஆடினாள் என்று ஆரம்பித்தார். அதற்குமுன் மூன்றாவது ரவுண்டில் தளர்ந்துபோவாள், திடீரென்று ஆறு ரவுண்டுகூடத் தாங்கினாளாம். எடையும் குறைகிறது, பலமும் கூடுகிறது, இது எப்படி என்று அவருக்கே ஆச்சரியம். ஒரு நாள் அவள் கயிறு தாண்டும்போது இவர் முதுகைக் காட்டி நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கால் தரையில் விழும் சத்தம் கனமாகக் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே, நீ கூடியிருக்கியாம்மா என்று கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே, மிஷின் அப்படிச் சொல்லலையே மாஸ்டர் என்றாளாம். அவளுக்கும் ஒரு சந்தேகம் வந்து இரண்டு கிலோ டம்பெல்லைத் தன் வீட்டு இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு காட்டியது.

"முப்பது வருஷமா இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு இருக்கேன் சார். கால் கிலோ கூடினாக்கூட எனக்குத் தெரியும்" என்றார். பிறகு ஷூவின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"உங்க மிஷின் மேல எனக்குச் சந்தேகமே வரல. என் காது மேலதான் வந்துச்சு. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? காபி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

8

இதற்கு மேல் முடிவுகள்தான் பாக்கி. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: படிவத்தில் "ஆம், சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன். இது பொய் இல்லை. இன்று காலையில் யார் போய் எந்தக் கல்லை வைத்துப் பார்த்தாலும் அந்த இயந்திரம் சரியான எடையைச் சொல்லும். மாஸ்டர் தன் பையை எடுத்துக்கொண்டு பயிற்சிக்கூடத்தைவிட்டுப் போகிறார். எடை சரியாக இருக்கிறது, கதை முடிகிறது.

இரண்டாவது முடிவு: மரங்கொத்தி தானே கண்டுபிடித்துவிடுகிறாள். ஏதோ ஒரு தடயம், ஒரு திருகாணி, ஒரு கீறல். வந்து என் எதிரே நின்று கேட்கிறாள். எனக்கு ரொம்ப வசதியான முடிவு இது. வாயைத் திறக்கும் வேலை அவளுடையதாகிவிடும், நான் தலைகுனிந்தால் போதும்.

மூன்றாவது முடிவு: விசாரணையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன். அறை அமைதியாகிறது. மாஸ்டர் என்னைப் பார்க்கிறார். [இதில் நான் ரொம்ப அழகாகத் தெரிகிறேன். அதனாலேயே அடித்துவிட்டேன்.]

இதற்குள் உங்களில் சிலர் பக்கத்தைப் பின்னால் புரட்டியிருப்பீர்கள். ஐந்துக்குப் பிறகு ஏழு வந்தது. அச்சுப்பிழை இல்லை.

6

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். பகல் நேரம், நான் பார்சல் கிடங்கில் இருந்தேன். சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை, வெளியே வந்தேன்.

"தம்பி, அவ தூக்கத்துல மெல்லுறாடா. வாயில ஒண்ணுமே இல்ல. மெல்லுறா."

பிறகு அழுதாள். அக்கா அழுது நான் கேட்டது அதுதான் இரண்டாவது தடவை, முதல் தடவை அத்தான் இறந்தபோது. பிள்ளை எழும்போது சுவரைப் பிடிக்கிறாள், தலைமுடி கொத்தாகக் கொட்டுகிறது, ஒரு முட்டை கூடுதலாக வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு அந்த மிஷின் மேல் போய் நிற்கிறாள் என்றாள். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உனக்குத்தான் தெரியுமே. கொஞ்சம் கம்மியாக் காட்டுற மாதிரி வையேன். ரெண்டு வாய் சாப்பிடட்டும்."

மறுநாள் மரங்கொத்தி பயிற்சிக்குப் போயிருந்தபோது போனேன். கீழ்த் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தி, அறுபது கிலோ கற்களை அடுக்கி, இது ஐம்பத்தொன்பது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். அறுபதுக்கு ஒரு கிலோ. ஐம்பத்து நாலுக்குத் தொள்ளாயிரம் கிராம். இரண்டு கிலோ டம்பெல்லுக்கு முப்பது கிராம்தான், திரையில் தெரியவே தெரியாது. அவள் சோதித்துப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். அதையும் யோசித்துத்தான் அப்படிச் செய்தேன். என் தொழிலில் நான் கெட்டிக்காரன்.

மூன்று வாரம் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். மாஸ்டர் ஆச்சரியப்பட்ட அந்தப் பலம், அந்த ஆறு ரவுண்டு, எல்லாம் அந்தச் சாப்பாடுதான். இதை எழுதும்போது ஒரு நொடி பெருமையாக இருக்கிறது, வெட்கக்கேடு.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது வந்து பழையபடி ஆக்கிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஐந்து நாளில் அந்தத் தொள்ளாயிரத்தை அவள் மெதுவாகக் குறைத்துவிடுவாள் என்று கணக்கு. நான் போகவில்லை.

இந்தப் பகுதியின் முதல் பிரதியில் "கிடங்கில் வேலை அதிகமாக இருந்ததால் மறந்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் இன்றுவரை நம்புகிறாள்.

வேலை மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. எடைக்கல் பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அக்கா வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்தது. ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. எடை கூடியவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அனுப்பட்டுமே என்று நினைத்தேன். ஒரு தடவை அவமானப்பட்டுத் திரும்பினால் இந்தச் சண்டையையே விட்டுவிடுவாள், முகத்தில் அடி வாங்காமல் ஒரு வேலை, ஒரு வாழ்க்கை என்று இருப்பாள் என்று நினைத்தேன். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்று எழுதப்போனேன், கை வரவில்லை. அவளுடைய ஏழு வருடத்தை அவளைக் கேட்காமல் நான் எடைபோட்டு, குறைவு என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் தருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. எடை பார்ப்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன், இது தெரியவில்லை.

அவள் மருத்துவமனையில் கிடந்த இரண்டாம் நாள், அக்கா வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய், அறுபது அறுபதுதான் என்று இயந்திரத்துக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தேன். பச்சை ஸ்டிக்கரைத் துடைத்தேன். விசாரணை என்று தெரிந்ததும் அக்கா, வெள்ளிக்கிழமை முடியட்டும் தம்பி என்று மட்டும் சொன்னாள். பிள்ளைக்குத் தெரிந்தால் அதற்குப் பிறகு தன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக்குடிக்கமாட்டாள் என்பது அவள் பயம். நியாயமான பயம்தான்.

* சேர்த்தவை எவை என்று சொல்வதாகச் சொல்லியிருந்தேன். கிழித்துப் போட்ட இரண்டு பக்கங்களில் இருந்த வில்லனைத் தவிர எதையும் சேர்க்கவில்லை. ஆனால் இதைச் சொல்வது யார் என்று பாருங்கள்: எடையைக் குறைத்துக் காட்டத் தெரிந்தவன்.

9

மணி பதினொன்று ஐம்பது. மேசையில் இரண்டும் இருக்கின்றன. ஒருபுறம் படிவம்: உண்மையான ஒரு வரி எழுத இடம், கையெழுத்துக்கு இடம். மறுபுறம் இந்தக் காகிதங்கள். சும்மா இருக்க முடியாமல் என் மேசைத் தராசில் வைத்துப் பார்த்தேன். படிவம் ஐந்து கிராம். இது எழுபத்தைந்து. எந்தப் பயனும் இல்லாத தகவல்.

இதைக் கொடுத்தால் மாஸ்டர் தப்புவார். என் உரிமம் போகும், அதற்காக நான் அழப்போவதில்லை. அக்கா தன் மகளை இழப்பாள், கொஞ்ச நாளைக்கா, நிரந்தரமாகவா, தெரியவில்லை. அதைக் கொடுத்தால் அக்கா தப்புவாள், நான் தப்புவேன். மாஸ்டர் மிச்ச நாளெல்லாம் தன் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டு எங்கேயாவது உட்கார்ந்திருப்பார். இந்த இடத்தில் எழுத்தாளர்கள் வழக்கமாக மழையைக் கொண்டுவருவார்கள். வெளியே சாதாரண வெயில்.

படியில் சத்தம் கேட்கிறது.

மரங்கொத்திதான். இரண்டு இரண்டு படியாக ஏறுகிற பெண் இப்போது ஒவ்வொன்றாக ஏறுகிறாள், நடுவில் ஒருமுறை நிற்கிறாள். பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கல்லும் இயந்திரமும் இல்லாமல் எடை பார்க்கிறேன். ஐம்பத்தாறு இருக்கும். கூடுதலாகவும் இருக்கலாம். சாப்பிடுகிறாள்.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே நான் இந்தக் காகிதங்களைத்தான் அவள் கையில் கொடுத்தேன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கதை எப்போது வேண்டுமானாலும் அச்சாகலாம். மாஸ்டர் போன பிறகு, விசாரணையை எல்லாரும் மறந்த பிறகு, சாவகாசமாக வெளியே வரலாம். அப்போதும் நன்றாகவே இருக்கும். மனச்சாட்சியுள்ள மனிதர் என்று நாலு பேர் கடிதம் எழுதுவார்கள். அதனால் கதை நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டாம். விசாரணை எந்த வெள்ளிக்கிழமை நடந்தது, இது எந்தத் தேதியில் வெளியே வந்தது, அதைக் கேளுங்கள். யாரிடமாவது கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

கதவுக்கு வெளியே வந்துவிட்டாள். மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது.

"மாமா, எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா. உள்ள வா."